குகைக்குள்ள பாம்பு இருக்குமா டாக்டர்?

நேத்து நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து போனைப் பார்த்தா, ஒரு தம்பி ரீல்ஸ் அனுப்பியிருந்தார். மெக்சிகோ பக்கம் தண்ணி நிறைஞ்ச ஒரு குகை. முதுகுல சிலிண்டர், தலையில லைட்டோட ஒருத்தர் நீந்திப் போறார். அவர் கைக்குப் பக்கத்துலயே வெள்ளையா, கண்ணே இல்லாத ஒரு ஜந்து நெளிஞ்சு போகுது. தம்பியோட கேள்வி இதுதான்: "டாக்டர், இந்த மாதிரி எடத்துல பாம்பு, பூச்சி ஏதாவது கடிச்சா என்ன மருந்து?"

உக்கடத்துல உக்காந்துகிட்டு குகை டைவிங் பத்திப் பதில் சொல்லணுமான்னு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் தூக்கம் வரலை. இந்தக் கேள்வியை வேற மாதிரி நானே ஒரு நோயாளிகிட்ட கேக்காம விட்டிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வெச்சுட்டு படிங்க.

தம்பிக்கு நேர் பதில் மொதல்ல. அந்த ஜந்து ரெமிபீட் வகையா இருக்கலாம். இறால், நண்டு குடும்பத்துல வரும். அந்தக் குடும்பத்துலயே விஷம் இருக்குன்னு மொதமொதல்ல நிரூபிக்கப்பட்டது இதுக்குத்தான், 2013ல. விரல் நீளம் கூட வராது. அதோட சாப்பாடு அதைவிடச் சின்ன ஜந்துக்கள். நம்மளை அது கண்டுக்கவே கண்டுக்காது. கண்ணே இல்லையே!

குகை டைவிங்ல செத்தவங்க எதனால செத்தாங்கன்னு ஒருத்தர் உக்காந்து அலசியிருக்கார். ஷெக் எக்ஸ்லினு ஒரு அமெரிக்கர். 1979ல அவர் எழுதின சின்னக் கையேடுதான் இன்னைக்கும் அந்தத் துறைக்கு அஸ்திவாரம். அவர் கண்டெடுத்த பெரிய காரணங்கள்: வாசல் வரைக்கும் தொடர்ச்சியா கயிறு கட்டாம போனது, திரும்பி வரக் காத்து மிச்சம் வெக்காதது, தாங்க முடியாத ஆழத்துக்குப் போனது. கயிறு, காத்து, ஆழம். கடிச்ச கதை எதுவும் அந்தப் பட்டியல்ல இல்ல. அவங்க கணக்கு என்னன்னா, இருக்கற காத்துல மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. இந்த மூணுல ஒரு பங்கு கணக்கை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப நம்ம ஊருக்கு வரலாம். நம்மகிட்ட தண்ணி நிறைஞ்ச குகை இல்லைன்னு யார் சொன்னது?

எங்க ஆத்தா ஊரு பல்லடம் போற வழியில. தோட்டத்துக் கிணறு பாறையைக் குடைஞ்சு எடுத்தது, எண்பதடி இருக்கும். அடியில சைடு போர் போட்ட ஓட்டைகள். கோடையில தண்ணி எறங்குனா அந்த ஓட்டையெல்லாம் வெளிய தெரியும், பார்க்கவே குகை மாதிரி இருக்கும். நான் நீச்சல் கத்துக்கிட்டதே அங்கதான், இடுப்புல சுரைப்புருடையைக் கட்டிக்கிட்டு. மோட்டார் ஃபுட்வால்வுல தழை அடைச்சுக்கிட்டா எங்க மாமா மூச்சைப் பிடிச்சுட்டு உள்ள முங்குவார். மேல படிக்கட்டுல உக்காந்து நாங்க எண்ணுவோம். ஒரு தடவை மேல வரும்போது அவர் தோள் மேலயே ஒரு தண்ணிப்பாம்பு. நாங்க கத்துன கத்துல தோட்டமே கூடிருச்சு. மாமா அதை வாலைப் பிடிச்சு அந்தப் பக்கம் வீசிட்டு, "அது என்னடா பண்ணுச்சு உங்களை? அதும் குளிக்கத்தானே வந்துருக்குது" அப்படின்னார்.

மாமா சொன்னது மருத்துவப்படியும் சரி. கிணத்துல நீந்தற அந்த கட்டம் போட்ட தண்ணிப்பாம்புக்கு நம்மளைக் கொல்ற விஷம் கிடையாது. கடிச்சா வலிக்கும், ரத்தம் வரும், டிடி ஊசி போட்டுக்கலாம். ஆனா இதைப் படிச்சுட்டு யாரும் பாம்பைப் பிடிச்சு வெளையாட வேண்டாம். கிணத்துல தவறி விழுந்த நாகமோ கண்ணாடிவிரியனோ கூட தண்ணியில நல்லாவே நீந்தும். எந்தப் பாம்புன்னு தெரியலைன்னா ஜிஎச்சுக்கு வாங்க, அவ்வளவுதான். இந்தியாவுல வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் பாம்புக்கடியில சாகறாங்கன்னு 2020ல வந்த பெரிய ஆய்வு சொல்லுது. அதுல பெரும்பாலும் காட்டுலயும் வீட்டைச் சுத்தியும் நடக்கறது. 2024 நவம்பர்ல நம்ம தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்னு அறிவிச்சது நல்ல முடிவு. அது தனி இழைக்கான விஷயம்.

கிணத்துல நெசமாவே பயப்பட வேண்டிய உயிர் ஒண்ணு உண்டு. தேனீயும் கதண்டும். கிணத்துச் சுவத்துல கூடு கட்டியிருக்கும், கயித்துல தொங்கிட்டு எறங்கறவன் கலைச்சுட்டா ஓட எடமில்ல. கூட்டமாக் கொட்டுனா மூச்சுக்குழல் வீங்கி, பிரஷர் இறங்கி அரை மணி நேரத்துல ஆளே போயிருவாங்க. தொடையில அட்ரினலின் ஊசி சரியான நேரத்துல போட்டா எந்திரிச்சு உக்காந்துருவாங்க. எறங்கறதுக்கு முன்னாடி கூடு இருக்கான்னு மேல இருந்தே ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க.

கண்ணில்லாத மீன் கதையையும் சொல்லிடறேன், ஏன்னா அது மெக்சிகோ வரைக்கும் போக வேண்டியதில்ல. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டுனா கேரளா. கோட்டயத்துல ஒரு கிணத்துல கிடைச்ச, கண்ணில்லாத, செக்கச்செவேல்னு இருக்கற ஒரு குட்டிக் கெளுத்தி மீனை 1950லயே விவரிச்சிருக்காங்க. 2019ல கோழிக்கோடு மாவட்டத்துக் கிணத்துல இருந்து இன்னொண்ணு. நாம திங்கற பூஜியா மிக்சர் குச்சி மாதிரி இருக்குன்னு அதுக்கு பாஞ்சியோ பூஜியான்னே பேர் வெச்சுட்டாங்க. செங்கன்னூர்ல ஒருத்தர் வீட்டுக் குளியலறைத் தண்ணியில வந்தது பாஞ்சியோ பாத்தாலா, 2022ல பேர் வெச்சாங்க. இதுல எனக்குப் பிடிச்சது, இதையெல்லாம் கண்டுபிடிச்சதுல பாதி வேலை விஞ்ஞானியோடது இல்ல. கிணறு தூர் வாருன ஆளு, தண்ணித்தொட்டி கழுவுன வீட்டுக்காரங்க, அட இது என்ன புழுவான்னு எடுத்து பாட்டில்ல போட்டு வெச்சவங்க. பூமிக்கு அடியில இருட்டுத் தண்ணியில எறங்கற மனுஷன் என்னத்தைப் பார்த்தான்னு கேட்டா, கேக்கறவனுக்குத்தான் லாபம்.

நான் கேக்காம விட்ட கதை இதுதான்.

சில வருஷம் முன்னாடி, மழைக்காலம். ஓபி நிரம்பி வழியுது. நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர். காய்ச்சல், ஒடம்பு வலி, மூணு நாளா. கண்ணு செவந்திருந்தது. கால் கெண்டைச்சதை புடிச்சுக்குதுங் சார்னு சொன்னார். எனக்குப் பின்னாடி இன்னும் நூறு பேர் நிக்கறாங்க. வைரல் காய்ச்சல்னு எழுதி பாராசிட்டமால் குடுத்து அனுப்பிட்டேன். டெங்கு டெஸ்ட் மட்டும் எழுதினேன். என்ன வேலைங்ணானு ஒரு வார்த்தை கேக்கலை.

நாலு நாள் கழிச்சு எமர்ஜென்சியில வந்தார். கண்ணு மஞ்சள். ஒன்னுக்குப் போய் ஒரு நாள் ஆச்சு. நடுவுல வேற யாரோ மஞ்சக்காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்திருக்காங்க. கூட வந்த சம்சாரம்தான் சொன்னாங்க: "குழிக்குள்ள எறங்கி அடைப்பு எடுக்கற வேலைங் சார். போன வாரம் கூட எறங்கினாப்டி. காலெல்லாம் கிழிச்சுக்கிட்டு வந்துச்சு."

அங்க நின்னுக்கிட்டே எனக்கு வேர்த்துருச்சு.

எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரோசிஸ். எலி, பெருச்சாளியோட கிட்னியில இந்தக் கிருமி சொகமா குடியிருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. அது ஒன்னுக்குப் போற தண்ணி வழியா நம்ம காலு வெட்டுல, கண்ணுல, மூக்குல நுழையும். பொதுவா 5ல இருந்து 14 நாளுக்குள்ள காய்ச்சல். செவந்த கண்ணு, கெண்டைக்கால் வலி ரெண்டும் பாடப்புஸ்தகத்துல இருக்கற அடையாளம். ரெண்டும் என் முன்னாடி உக்காந்திருந்தது. பெரும்பாலானவங்களுக்கு தானா அடங்கிரும். கொஞ்சப் பேருக்குத்தான் கல்லீரல், கிட்னி, நுரையீரல்னு பிடிக்கும். ஆரம்பத்துலயே டாக்சிசைக்ளின் மாத்திரை ஒரு வாரம் போட்டா முடிஞ்சிருக்க வேண்டியது. ரத்தப் பரிசோதனை முதல் சில நாள்ல நெகட்டிவ்னு கூட வரும், அதனால சந்தேகம் வந்தாலே மருந்தை ஆரம்பிக்கணும். சந்தேகம் வரணும்னா தொழிலைக் கேக்கணும்.

அவர் டயாலிசிஸ், பென்சிலின்னு பிழைச்சுட்டார். நல்லா ஆனப்புறம் ஒரு நாள் பேசிட்டிருந்தோம். குழிக்குள்ள என்னென்ன இருக்கும்ணானு கேட்டேன். சிரிச்சார். "என்னங் சார் இல்ல? கரப்பான் சொவரு பூரா அப்பிக் கெடக்கும், மூடியைத் தூக்குனா மழை மாதிரி மேல விழுகும். எலி நம்மளைப் பார்த்து ஓடாது, நாமதான் ஒதுங்கணும். பூரான் இருக்கும். ஒருக்கா பாம்புங். அதெல்லாம் பழகிப்போச்சுங் சார். அதுக ஒண்ணும் பண்ணாதுங்." கடைசி வரியை அவர் எங்க மாமா மாதிரியேதான் சொன்னார். ஆனா மாமாவோட கிணத்துல அது உண்மை. இவரோட குழியில கடிக்காத எலிதான் இவரைச் சாகற வரைக்கும் கொண்டுபோச்சு.

வெளிநாட்டுல கூட இதே கதைதான். 2000த்துல மலேசியாவோட சபா பகுதியில ஒரு சாகசப் போட்டி நடந்துச்சு. காடு, ஆறு, குகை எல்லாம் தாண்டிப் போகணும். 304 பேர் கலந்துக்கிட்டாங்க. ஊருக்குப் போனப்புறம் காய்ச்சல் காய்ச்சல்னு ஒவ்வொருத்தரா படுத்தாங்க. விசாரிச்ச 189 பேர்ல 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறி. அட்டை கடிச்சதோ குகை வவ்வாலோ காரணமில்ல. ஆத்துல நீந்துனதுதான்.

தாய்லாந்து குகை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2018 ஜூன் 23, தாம் லுவாங், 12 பசங்களும் கோச்சும். வெளிய கொண்டு வந்ததுல முக்கியமானவர் ஒரு டாக்டர், ஆஸ்திரேலியாவோட மயக்கவியல் நிபுணர் ரிச்சர்ட் ஹாரிஸ். நம்ம ஜிஎச் தியேட்டர்ல தினமும் போடற அதே கெட்டமின்தான். பசங்களை மயக்கத்துல வெச்சு தண்ணிக்கு அடியில கூட்டிட்டு வந்தாங்க. வெளிய வந்ததும் பசங்களைத் தனி வார்டுல வெச்சு, அப்பா அம்மாவைக் கண்ணாடி வழியாத்தான் பார்க்க விட்டாங்க. பாம்புக்காக இல்ல, குகையில இருந்து என்ன கிருமியைச் சுமந்துட்டு வந்தாங்களோன்னு. அந்தப் பயம் சும்மா இல்ல. மீட்புக்குப் போன ரெண்டு கடற்படை வீரர்கள் உயிர் போச்சு. சமன் குனான் காத்து தீர்ந்து உள்ளயே. இன்னொருத்தர் பெய்ரூட் பக்பாரா, அந்த மீட்புப் பணியில வந்த ரத்தத்தொற்றோட ஒன்றரை வருஷம் போராடி 2019 டிசம்பர்ல. ஒண்ணு காத்து, இன்னொண்ணு கிருமி.

காத்துன்னு சொன்னேன்ல. சாக்கடைக் குழி, செப்டிக் டேங்க், ரொம்ப நாள் மூடிக்கெடந்த கிணறு, எல்லாத்துக்கும் ஒரே எமன்தான்.

ஹைட்ரஜன் சல்பைடு. அழுகுன முட்டை நாத்தம். ஆனா 100 பிபிஎம் தாண்டுனா மூக்கு அந்த வாசத்தைப் பிடிக்கறதையே நிறுத்திரும். நாத்தம் கொறைஞ்சிருச்சுடா, எறங்கலாம்னு நினைக்கற நேரம்தான் மோசமான நேரம். 700, 1000 போனா ஒண்ணு ரெண்டு மூச்சுல ஆள் சுருண்டு விழுவான். காத்தை விட கனம், அடியிலயே தங்கும். விளக்கைக் கட்டி எறக்கிப் பார்க்கற வழக்கம் நம்ம பெரியவங்ககிட்ட உண்டு, அணைஞ்சா எறங்காதேன்னு. ஆக்சிஜன் கொறைவைக் கண்டுபிடிக்க அது ஓரளவு உதவும். ஹைட்ரஜன் சல்பைடு கொல்ற அளவு இருந்தாலும் விளக்கு ஜம்முனு எரியும். மீத்தேன் இருந்தா விளக்கே வெடிக்கும். அதே மாதிரி கிணத்துக்குள்ளயே பெட்ரோல் மோட்டாரை எறக்கி ஓட்டாதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே இல்ல.

அப்புறம் நடக்கறது எப்பவும் ஒரே மாதிரி. ஒருத்தன் உள்ள விழுவான். "டேய் மாமா"னு கத்திக்கிட்டு தம்பி குதிப்பான். அவனைத் தூக்க அப்பா. எமர்ஜென்சி வாசல்ல ஆம்புலன்ஸ் கதவு திறக்கும்போது ஒரே குடும்பத்துல மூணு பேர். மூடுன எடத்துச் சாவுகள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்கதான்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1986லயே எச்சரிச்சிருக்கு. இதை ஸ்கூல்லயே சொல்லிக்குடுக்கணும்ங்கறது என் கருத்து: உள்ள விழுந்தவனுக்காகக் குதிக்காதே. 101, 108 போன் பண்ணு. மேல இருந்து ஃபேனோ கம்ப்ரசரோ வெச்சு காத்து அடி. கயிறு கட்டியிருந்தா இழு. கயிறு கட்டாம யாரையும் எறக்கியே விடாதே.

இப்ப அந்த மூணுல ஒரு பங்கு கணக்குக்கு வருவோம். பொழுதுபோக்குக்காக குகைக்குள்ள போறவன் ரெண்டு சிலிண்டர், மூணு லைட்டு, வாசல் வரைக்கும் கயிறு, பல மாசப் பயிற்சியோட போறான். பொழைப்புக்காகக் குழிக்குள்ள எறங்கறவன் ஜட்டியும் ஒரு குவார்ட்டரும். அந்தக் குவார்ட்டரைப் பத்தி கிண்டல் பண்றவங்க ஒரே ஒரு தடவை அந்த மூடியைத் தூக்கி மோந்து பார்த்துட்டு வந்து பேசலாம்.

சட்டப்படி அவன் எறங்கவே கூடாது. 2013ல சட்டம் வந்தாச்சு. செத்தா 10 லட்சம்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, 2023 அக்டோபர்ல அதை 30 லட்சம் ஆக்குச்சு. கேரளாப் பசங்க அடைப்பு எடுக்கற ரோபோ செஞ்சாங்க, அதோட பேரே பேண்டிகூட், அதாவது பெருச்சாளி. நம்ம மாநகராட்சிக்கும் வந்திருக்கு. சந்தோஷம். ஆனா ரோபோ போக முடியாத சந்துல, தனியார் கட்டடத்து டேங்குல, கான்ட்ராக்டர் சொல்லுக்கு இன்னமும் ஆள்தான் போறான். உக்கடம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாள் ஒண்ணுக்கு 70 மில்லியன் லிட்டர் கழிவுநீரைக் கையாளற கொள்ளளவு இருக்கு. அது அங்க வந்து சேர்றதுக்கு நடுவுல எங்கயாவது அடைச்சா யார் கையை விடறாங்க? நான் அரசு ஊழியன், இதுக்கு மேல பேசுனா மெமோ வரும். செப்டிக் டேங்க் நிறைஞ்சா 14420க்குக் கூப்பிடுங்க, லாரி வரும். ஆளை எறக்காதீங்க, அவனே எறங்கறேன்னு சொன்னாலும்.

என் சக டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சல்னு வந்தா தொழில் என்ன, ரெண்டு வாரத்துக்குள்ள தண்ணியில, சேத்துல, குழியில எறங்கினீங்களான்னு ரெண்டே கேள்வி. பத்து செகண்டு ஆகும். மழைக்காலத்துல இந்த வேலை பார்க்கறவங்களுக்கு வாரம் ஒரு தடவை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் தடுப்பா குடுக்கலாம். 2018 வெள்ளத்துல கேரளா அதைப் பெரிய அளவுல செஞ்சது. வரிசையா நிக்க வெச்சு, சாப்பிட்டாச்சான்னு கேட்டு, கையில குடுத்து முழுங்க வெக்கலாம். விலை டீ, பன்னுக்கு மேல வராது. (கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதைப் பார்த்துட்டு மெடிக்கல்ல வாங்கி முழுங்க வேண்டாம். டாக்டரைப் பாருங்க.) கம் பூட்ஸ், கிளவுஸ் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்குதான்னு பார்க்க வேண்டியது சுகாதார ஆய்வாளர் வேலை மட்டுமில்ல, பில்லுல கையெழுத்துப் போடறவர் வேலையும்தான்.

போன மாசம் அதே அண்ணன் ஓபிக்கு வந்தார். என்னங்ணா, மறுபடி காய்ச்சலானு பயந்து போயிட்டேன். அவருக்கில்ல. கூட இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன், போர்வையைப் போர்த்திக்கிட்டு நடுங்கிட்டு நிக்கறான். அண்ணன் வரிசையைத் தாண்டி நேரா வந்து என் மேஜை மேல கையை ஊனிட்டு சொன்னார்:

"சார், இவனும் குழிக்குள்ள எறங்குனவனுங். ரெண்டு நாளாக் காய்ச்சல். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிரலாம்னுதானுங் கூட்டிட்டு வந்தேன்."

பையனோட கண்ணு லேசாச் செவந்திருந்தது. பேனாவை எடுத்து மருந்தை எழுதினேன்.